அளவுக்கு நின்றவர்கள்

எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே பழைய படம்
எங்களுக்காக எடுத்ததல்ல.
செண்டுவாரையில் பதினேழாம் நம்பர் காடு
ஒரே ராத்திரியில் வெளுத்துப்போக
நட்டக் கணக்கோடு அனுப்புவதற்கு
கண்டக்டர் வர்கீஸ் எடுத்தது.

செடி எவ்வளவு உயரமென்று தெரியவேண்டுமாம்,
பிரட்டுக்களத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு
ஓரத்தில் நிறுத்தினார்.
அம்மா, சின்னமாடத்திச் சித்தி.
கம்பளிக்குள் கைகள். காலில் சாக்கு.
அம்மாவின் பெயர் வெள்ளத்தாய்;
அப்படியொரு வெள்ளையை அவள் கண்டதில்லை.
சங்கரன்கோவில் பக்கம் பனியென்றால்
மார்கழியில் ஒரு முக்காடு,
அத்தோடு சரி.

வெயில் ஏறியதும் கொழுந்தெல்லாம் கருகிற்று.
பனியும் சுடும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.
பதினோரு நாள் பேர் போடவில்லை.
அரிசி கடனுக்கு வந்தது.
சித்தியின் மூக்குத்தி
மலையிறங்கிப் போடிக்குப் போனது,
திரும்பவில்லை.

ஆபீசைக் காலி செய்தபோது
குப்பையில் கிடந்த ஃபைலிலிருந்து
அண்ணன் உருவி வந்தான்.
பின்பக்கம் பென்சிலில், மலையாளத்தில்:
தேதி, காட்டு நம்பர், முக்கால் சேதம்.
பெயர்கள் இல்லை.

இப்போது ஜனவரியில் நான் ஜீப் ஓட்டுகிறேன்.
விடியுமுன்னே புல்வெளிக்குக் கூட்டிப்போனால்
குனிந்து குனிந்து படமெடுப்பார்கள்.
"சேட்டா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."
நிற்கிறேன்.
ஹீட்டர் வேலை செய்யாத வண்டி.

நேற்று ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன்.
சித்தியின் மூக்கில்
ஒரு வெள்ளைப் புள்ளி.
பனியாகவும் இருக்கலாம்.