கழிவு

ரசீதுகளைப் பால்மா டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்தேன்.
பேராதனைப் பதிவுக் கட்டணம், ஆய்வுகூடக் காசு,
கலஹா சந்தியில் அறை வாடகை;
வீட்டுக்காரி ரசீது தரமாட்டாள்,
கொப்பித்தாளில் சிங்களத்தில் ஒரு கையெழுத்து மட்டும்.
மண்சரிவை அளக்கிற ஏதோ கருவிக்குப் பாதிப்பணம்.
மீதிப் பாதியை வளாகம் கொடுத்ததாம்.

பூண்டுலோயாவில் ஆறரை பஸ்.
நுவரெலியா இறைவரிக் கந்தோரில்
எனக்கு முன்னால் பதினொரு குடை.

மிஸ் தில்ருக்ஷி ஒவ்வொன்றாய் விரித்தார்.
விரித்த தாள் திரும்பவும் சுருண்டது.
ஸ்டேப்ளரைப் பாரம் வைத்தார்.
"மகளுக்கு வயசு?"
"இருபத்தெட்டு."
"கல்யாணம்?"
"எம்ஃபில், மிஸ்."
சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.
"இதைக் கழிக்க ஃபோர்மில் இடமே இல்லை, ஐயா.
சின்னப் பிள்ளையென்றாலும் இல்லை."

நம்பாமல் நானே தாளைப் புரட்டினேன்.
வட்டிக்கு ஒரு கூடு. வாடகைக்கு ஒரு கூடு.
நிரோஜினிக்கு, கடைசிப் பக்கம்வரை, இல்லை.

கழிவு எனக்குப் புதுச் சொல்லா?
டீமேக்கராகும் முன்னால்
ஒன்பது வருஷம் தராசடியில் நின்றவன்.
சாக்குக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு,
வெயில் எரிக்கிற நாளிலும்
ஈரத்துக்கு இரண்டு கிலோ.
மேலே சொன்னார்கள், எழுதினேன்.
ஒரு மாசி மாதம், பதினேழு கிலோவை
பதினைந்து என்று கூப்பிட்டேன்.
அன்றைக்குப் பதினாறு இருந்தால்தான் முழுப்பேர்.
அரைப்பேர் விழுந்த அந்தப் பெண்
கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள்,
ஒட்டியிருந்த ஓர் இலையையும் எடுத்துத் தராசில் வைத்தாள்,
என் முகத்தைப் பார்த்தாள்.
மூன்று வருஷம் கழித்து என்னைக் கட்டிக்கொண்டாள்.
ஏன் என்று இன்னும் கேட்கவில்லை.

கட்டவேண்டியதைக் கட்டினேன்.
மிஸ் தில்ருக்ஷி தாள்களுக்கு ரப்பர் வளையம் போட்டு,
"நல்லாப் படிக்கட்டும்" என்றார், தமிழில்.

தலவாக்கலையில் பஸ் மாறும்போது
மகளிடமிருந்து ஒரு படம்:
வலப்பனைப் பக்கம் ஒரு சரிவு,
நட்டுவைத்த இரும்புக்கம்பி,
பக்கத்தில் சேறு படிந்த அவள் சப்பாத்து.
"இந்த மாதம் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு, அப்பா.
யாருக்கும் தெரியாது."

வீட்டுக்கு அழைத்தேன்.
ஒன்றும் கழிக்கமாட்டார்களாம், லீலா,
ஒரு சதம்கூட.
அந்தப்பக்கம் குக்கர் இரண்டு தரம் கூவியது.
அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்:
"எவ்வளவு? ரெண்டு கிலோவா?"