ஸ்லைடு

மண்ணெண்ணெய் விளக்கின் புகையில்
கண்ணாடித் துண்டைக் காட்டிக் கருக்கிக்கொள்வேன்.
கோணி ஊசியால் கீறினால் எழுத்து.
தலைகீழாகச் செருக வேண்டும்,
அப்போதுதான் திரையில் நேராக நிற்கும்.

கடலூர் முதுநகரில்
டாக்கீஸ் என்று எவனும் சொன்னதில்லை, கொட்டகைதான்.
துறைமுகத்துக்கும் அதுவே கொட்டகை.
கரையண்ட ஆழம் போதாமல்
ஒரு மைல் வெளியே கப்பல் நங்கூரம் போடும்வரை
பார்ஜ்காரர்கள் வேறெங்கே காத்திருப்பார்கள்?
தரை டிக்கெட், ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

‘உரக்கப்பல் வந்தாச்சு
கலியன் செட்டு உடனே கிளம்பவும்’
என்று கதாநாயகியின் கழுத்தில் எழுதியிருக்கிறேன்.
‘சோனங்குப்பம் பாவாடை
உன் சைக்கிளை யாரோ ஓட்டிப் போகிறான்.’
‘அஞ்சலாட்சிக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம்.’
அதற்கு விழுந்த விசில் கழிமுகம்வரை கேட்டதாம்.
வில்லனும் அப்போதுதான் செத்திருந்தான்,
விசில் யாருக்கென்று இன்றுவரை தெரியாது.

ஊரில் எல்லோருக்கும் என் ‘ள’ தெரியும்.
வால் கொஞ்சம் நீளம்.
கடைத்தெருவில் என்னைக் கண்டால்
வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு
‘ஒண்ணுமில்லையே?’ என்பார்கள்.

கூண்டு ஏறினால் எங்களுக்குத் தீபாவளி.
படகெல்லாம் உப்பனாற்றுக்குள் கட்டிக் கிடக்கும்,
பெஞ்சில் இடம் இருக்காது.
முதலாளி தாவூத் மரைக்காயர்
கொடிமரத்தைப் பார்த்துத்தான் பெட்டி எடுப்பார்:
ஒன்றாம் எண்ணுக்குப் பழைய படம்,
மூன்றுக்குச் சண்டைப் படம்,
ஏழு என்றால்
தகரக் கூரைக்கு மணல் மூட்டை.

அந்த ஐப்பசியில் மூன்று.
சண்டைப் பெட்டி வந்து சேராமல்
கையிலிருந்த சிரிப்புப் படத்தை ஓட்டினோம்.
இரண்டாம் ஆட்டத்தில்
சிங்காரத்தோப்புப் பையன் ஒருவன் நனைந்து வந்தான்.
‘எட்டியப்பனோட அம்மா’ என்றான்.
மீதியைச் சொல்லவில்லை.

ஊசியை எடுத்தேன்.
சிங்காரத்தோப்பு எட்டியப்பன் உடனே.

துளை வழியாகப் பார்த்தேன்.
தேட வேண்டியிருக்கவில்லை,
கொட்டகையிலேயே பெரிய சிரிப்பு அவனுடையது.
திரையில் ஒருவன்
கோழி முட்டைக் கூடை மேல் உட்கார்ந்துவிட்டு
எழுந்திருக்கப் பயந்துகொண்டிருந்தான்.
நாலு நாளாகத் தொழில் இல்லாத எட்டியப்பன்
முன்னால் இருந்தவன் முதுகை அறைந்து அறைந்து சிரித்தான்.

ஸ்லைடைப் பிடித்தபடி நின்றேன்.
ஆபரேட்டர் சவரிராயன் என்னைப் பார்த்தார்.
‘ரீல் இன்னும் நாலு நிமிஷம்’ என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
‘உடனே’யின் மேல்
என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது.

பிறகு போட்டேன்.
சிரிப்பு ஒரு மூலையில் மட்டும் நின்றது.
கதவுத் திரை விலகி
தெருவிளக்கும் மழையும் ஒரு கணம் உள்ளே வந்து போயின.

பதினாறு கழிந்து
மொட்டைத் தலையோடு வந்தான்.
அன்றைக்கும் கூண்டு ஏறியிருந்தது.
‘சேதி எத்தனை மணிக்கு வந்துச்சு?’
‘பதினொண்ணு பத்து’ என்றேன்.
‘பையன் பதினொண்ணு அஞ்சுங்கறான்.’
நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.
விரலில் எதையோ எண்ணிப் பார்த்தான்.
‘முட்டை உடைஞ்சது அதுக்கப்புறம்தானே?’
அது கேள்வியா இல்லையா என்று
நான் முடிவு செய்வதற்குள்
தரை டிக்கெட்டோடு உள்ளே போய்விட்டான்.

இடைவேளை தாண்டித் துறைமுகத்திலிருந்து ஆள் வந்தது.
கருக்கினேன், கீறினேன்,
தலைகீழாகச் செருகினேன்:
‘கூண்டு இறங்கியது.
எல்லாப் படகுகளும் போகலாம்.’

எட்டியப்பன்தான் முதலில் எழுந்தான்.
‘ள’வின் வாலை
அன்றைக்குக் குட்டையாக விட்டிருந்தேன்.