இரண்டு நாற்பது

அந்த வாரம் தார்த்து நகரத்து
எமயோகி ஆற்றில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.
நாங்கள் நால்வர்: ஊகு, மாரே,
திபிலிசியிலிருந்து வந்த தெக்லே, நான்.
பதினான்கு வாரம், ஆறு கிரெடிட்,
ஒரு நிஜமான நிறுவனம்.

நிஜமான நிறுவனத்துக்கு
நிஜமான வாடை உண்டு என்று
பாடத்திட்டத்தில் எழுதியிருக்கவில்லை.
வெளுப்புக் காரமும் வெந்நீராவியும்
கோட்டுக்குள் ஏறிக்கொண்டு
பேருந்தில் கூடவே வந்தன.

நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள்
இரவெல்லாம் துவைபடும் இடம்.
அவர்கள் கேட்டது ஒன்றுதான்:
கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும்,
இது கறையா, மடிப்பின் நிழலா.
கேட்கச் சுலபம்.
வெள்ளையில் விழுந்த நிழலுக்கு என்ன நிறம் என்று
அதுவரை எங்களில் யாரும் யோசித்ததில்லை.

பதினோராயிரம் படங்கள்.
ஒவ்வொன்றுக்கும் விடை
இரவுப் பணியில் ராயிஸா அழுத்திய பொத்தான்.
சிவப்பு என்றால் மறுபடி துவை,
பச்சை என்றால் மடி.
முகம் பார்க்கும் முன்பே
அவள் விரல் எங்களுக்குப் பழக்கம்.

மாடல் கற்றது. எண்பத்தொன்று. எண்பத்தொன்பது.
பிறகு அடம் பிடித்தது.
மாரே அடுக்குகளைக் கூட்டினாள், குறைத்தாள்.
ஊகு அதைத் தாய்மொழியில் திட்டிப் பார்த்தான்.
தெக்லேதான்
அவளும் மாடலும் முரண்பட்ட இடங்களை
மணிவாரியாக அடுக்கினாள்.
வரைபடத்தில் ஒரு பள்ளம்.
இரவு இரண்டு நாற்பதுக்கு இறங்கி
மூன்று மணிக்கு மேலேறுகிறது.
எந்த இரவை எடுத்தாலும் அதே பள்ளம்:
கறை பளிச்சென்று தெரியும் படங்களுக்கும்
பச்சை, பச்சை, பச்சை.

"தூங்கி வழிகிறாள்" என்றேன்.
நான்தான் சொன்னேன்.
பதினேழாவது ஸ்லைடுக்குத் தலைப்பும் இட்டேன்:
மனிதச் சோர்வு.
அதன் கீழே, யூரோவில், அதன் விலை.
அழகான ஸ்லைடு. நிறுவனங்களுக்குப் பிடிக்கும்.

அனுப்புமுன் ஒரு தடவை
நேரில் போய்ப் பார்க்கலாம் என்றாள் தெக்லே.
எரிச்சலோடு போனேன்.
இரண்டு முப்பதுக்கு ராயிஸா
எங்கள் எல்லோரையும்விட விழித்திருந்தாள்,
ஒற்றைக் காதில் ரஷ்ய மொழியில்
ஏதோ துப்பறியும் கதை ஓட.

இரண்டு நாற்பது.
சுவருக்கு அப்பால் பெரிய உலர்த்திகள் ஆறும்
ஒன்றாக உறுமின.
மேசைக்கு மேலிருந்த குழல்விளக்கு
துடித்து, மங்கி, பழுத்தது.
கறை எது, நிழல் எது,
எனக்கும் தெரியவில்லை.
கேமராவுக்குச் சொந்தமாய் ஒரு விளக்கு உண்டு.
அவளுக்கு இல்லை.

"நிறுத்தினால் எண்ணிக்கை குறையும்.
அதனால் பச்சை" என்றாள்,
விரலை எடுக்காமலே.
"போன குளிர்காலம் எழுதிப் போட்டேன்.
அதற்கு முந்தின குளிர்காலமும்."
கதவோரம் யோசனைப் பெட்டி, சின்னப் பூட்டோடு.
சாவி யாரிடம் என்று
மேற்பார்வையாளருக்கும் தெரியவில்லை.

விளக்குக்குத் தனிக் கம்பி இழுக்க
நூற்றுப் பன்னிரண்டு யூரோ.
புதுப் படங்களில் மாடல் தொண்ணூற்றாறைத் தொட்டது.

இறுதி நாள். கண்ணாடி அறை,
காபி, இலவங்கப்பட்டை ரொட்டி.
பதினேழாவது ஸ்லைடில் இப்போது
ஒரு குழல்விளக்கின் படம்.
"இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே இருக்கிறது?"
என்று கேட்டார் இயக்குநர்.
மாரே எல்லாவற்றையும் விளக்கினாள்,
விளக்கைத் தவிர.
கை தட்டினார்கள். மதிப்பெண்ணும் நல்ல மதிப்பெண்.
ராயிஸா அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

பழைய பதினேழு
இன்னும் என் கணினியில் கிடக்கிறது.
நேற்று அழிக்கப் போனேன்.
சேமித்த நேரம் பக்கத்தில் இருந்தது:
இரவு இரண்டு ஐம்பத்திரண்டு.

என் அறை விளக்கு
நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.