எதுவும் முளைக்கவில்லை

முதல் அடையாளம் வலி இல்லை.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
முதல் அடையாளம் சீருடைக் கால்சட்டையின் பொத்தான்.
நேற்றுவரை பொருந்தியது
இன்று தோலுக்கு அந்தப் பக்கம் போய் அழுத்துகிறது.
அப்புறம் ஒரு சந்தேகம்:
போய்விட்டு வந்த கையோடு
போகவே இல்லையோ என்று.
அடுப்பை அணைத்தோமா என
பாதி மாடி இறங்கித் திரும்ப ஏறுகிற சந்தேகம்.
கண்ணாடித்தூள் அதற்கும் பிறகுதான்.

போஸ்னானில் டிராம் ஓட்டுகிறேன். பெயர் யாத்விகா.
இருபத்தேழு நிறுத்தங்கள், ஒரு கோடியில் ஒரு கழிப்பறை.
மறு கோடியில் இருப்பது
பூட்டிய பூக்கடையும் காற்றும்.

நான்கு வருடம்
மஞ்சள் மூடிப் புட்டியைக் கைப்பையில் மறைத்துக் கொண்டுபோனேன்.
நான்கு வருடமும் காகிதம் ஒன்றையே சொன்னது:
எதுவும் முளைக்கவில்லை.
கிருமி இல்லையாம்.
அப்படியானால் எரிவது எது என்றேன்.
டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.
இன்னொருவர், மீசை இன்னும் சரியாக வராதவர்,
கணவரோடு எல்லாம் சுமுகம்தானே என்றார்.
எல்லாம் சுமுகம், டாக்டர்,
அவர் செத்து ஆறு வருடம்.

பெயர் சொன்னவர் ரொமால்டா.
சிறுநீர்ப்பைக்குள் பூச்சு உரிந்திருக்கலாம், என்றார்,
பழைய வாணலிபோல.
தீராது. பழகும்.
எது பழகும், அதுவா நானா?
பதில் இல்லை. ஒரு நோட்டு வாங்கச் சொன்னார்.

மார்ச் ஒன்பது. அக்காவின் பெயர்நாள்.
தக்காளி சூப், ஒரே கரண்டி, அவள் முகத்துக்காக.
மறுநாள் பத்தொன்பது முறை.
ஏப்ரல் இரண்டு. அரை ஆரஞ்சு. பாவி நான்.
ஏப்ரல் இருபது. காபி இல்லை, புளித்த முட்டைகோஸ் இல்லை,
சோறும் பேரிக்காயும் மட்டும்.
ஆனாலும் வந்தது.
மே ஒன்று. காரணம் தெரியவில்லை.
மே இரண்டு. காரணம் இருந்தாக வேண்டுமா?

வந்துவிட்டால் செய்வது இவ்வளவுதான்:
பொத்தானைக் கழற்று.
எரிகிறதே என்று தண்ணீரை நிறுத்தாதே, நிறுத்தினால் இன்னும் எரியும்,
மடக்கு மடக்காகக் குடி.
வெந்நீர்ப் பையை மடியில் வை,
அழுகிற பிள்ளையை வைப்பதுபோல; ஆனால் தாலாட்டாதே,
அதற்குச் செல்லம் கொடுத்தால் தலைக்கேறும்.
முக்காதே. மூச்சை அடிவயிறுவரை இறக்கு.
இரவு மூன்று மணிக்கு நோட்டில் கோடு போடு.
மூன்றாவது நாள், நான்காவது நாள்
கோடுகள் குறையும்.

ஒரு ஜனவரியில் குறையவில்லை.
பழைய விருந்தாளிதானே என்று விட்டுவிட்டேன்.
குளிர் நடுக்கியது, முதுகின் ஒரு பக்கம் இடித்தது,
தண்ணீரில் லேசாகச் சிவப்பு.
அவள் முன்பே எச்சரித்திருந்தாள்:
காய்ச்சலும் சிவப்பும் வந்தால் நோட்டை மூடு, புட்டியை எடு.
எடுத்தேன்.
முளைத்திருந்தது!
காகிதத்தில் நீளமான லத்தீன் பெயர்.
மருந்துக்கடை வாசலில் காய்ச்சலோடு நின்று சிரித்தேன்.
எல்லோருக்கும் வருகிற நோய், எனக்கும்.
மாத்திரை தீர்ந்ததும் தீர்கிற நோய்.
பத்து நாள் நான் சாதாரண மனுஷி.

இன்று நவம்பர், காலை ஆறு இருபது.
பொத்தான் அழுத்துகிறது.
பதினான்காம் நிறுத்தத்தில், பேக்கரி எதிரே,
பிரேக்கை இழுத்துப் பூட்டுகிறேன்.
இதுவரை ரேடியோவில் நான் சொல்லிவந்தது
தொழில்நுட்பக் கோளாறு.
பொய்யில்லை, ஒருவகையில்.
இன்று, என்னவோ, வாய் வேறு சொல்கிறது:
லெஷெக், எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டும். ஐந்து நிமிடம்.
ரேடியோ இரைகிறது.
பின்னால் யாரோ கடிகாரம் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள்.
ஏழா ஐந்தா, என்கிறான் லெஷெக்,
படிவத்தில் எழுத வேண்டும்.

ஏழு, என்கிறேன்.
பேக்கரிப் பெண் ஏற்கெனவே
சாவியை நீட்டியபடி நிற்கிறாள்.