பத்து வெள்ளித் தாள்

சிலிப்பர் கழன்றது எனக்குத் தெரியாது.
பெட்ரோலுக்குக் காசு கட்டிவிட்டு
வேனுக்குத் திரும்பினேன்
இரண்டு காலும் ஒரு சிலிப்பருமாக.
மத்தியானம் ஒன்றரை மணி, சிலிம் ரிவர் வெயில்.
"அங்கிள், ஒரு கால் சும்மா இருக்கு!"
முன்சீட்டு யாழிசை கத்த
பதினோரு பிள்ளைகளும் சிரித்தார்கள்.
நானும்.
தார் சுட்ட சேதியைக்
கொப்புளம்தான் மறுநாள் கொண்டுவந்தது.

ஆஸ்பத்திரியில் ரொஹாய்டா
தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து
கண்ணை மூடுங்கள், தொட்டால் சொல்லுங்கள் என்றாள்.
மூடினேன்.
இந்தப் பெண் எப்போது ஆரம்பிக்கப் போகிறாள் என்று
யோசித்துக்கொண்டே இருந்தேன்.
திறந்தபோது
முடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பிறகு பெருவிரலுக்கு அடியில் ஓர் அட்டையை வைத்து
"அங்கிள், கெங்கம்" என்றாள்.
இறுக்கிப் பிடிக்கத்தான் சொல்கிறாள்.
இருந்த பலத்தையெல்லாம் அங்கே அனுப்பினேன்,
பல்லைக் கடித்தேன், தோள் நடுங்கியது.
திறந்து கிடந்த வீட்டிலிருந்து எடுத்துப் போவதுபோல்
அட்டையை எடுத்துப் போனாள்.

இனிப்பு நீர் வந்த பத்தொன்பது வருஷத்தில்
கண் போகும், கிட்னி போகும், உணர்ச்சி போகும் என்று
நிறையக் கேட்டாகிவிட்டது.
பாதத்துக்குள்ளே இத்தனூண்டு தசைகள் இருப்பதும்
அவை இளைத்துப் போவதும் புதுச் சேதி.

என் அப்பா பெரட்டுக்கு நின்றவர்.
இருட்டில் கிராணி பெயர் படிப்பார்,
பதில் குரல் வந்தால்தான் அன்றைக்குப் பேர் விழும்.
என் காலில் பெயர் படிக்கிற குரல்
வழியிலேயே நின்றுவிடுகிறது.
ஆட்கள் லயத்துக்குள்ளேயே கிடக்கிறார்கள்,
சோம்பேறிகள் இல்லை,
கூப்பிட்டது கேட்கவில்லை,
கிடந்து கிடந்து மெலிகிறார்கள்.
கெண்டைக்காலில் இருக்கும் பெரியவை மட்டும்
தடுக்க ஆளில்லாமல் இழுக்க,
விரல்கள் குலை வெட்டும் கொக்கியாய் வளைந்துவிட்டன.
குளித்துவிட்டு வந்த ஈரத்தடம்
சிமெண்டில் யாருடையதோ போல:
ஒரு குதிகால், ஒரு மேடு,
ஐந்து புள்ளி.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
தெரிந்த பிறகும் மூன்று வாரம் ஓட்டினேன்.
வேன் தவணை பாக்கி இருந்தது.
கிளச்சை மிதித்தேனா என்று
ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்து ஓட்டினேன்.
மில் சந்திப்பில் செம்பனை லோரி திடீரென்று நிற்க,
பிரேக் மேல் கால் இருக்கிறதா என்று
தேடிய அரை விநாடி.
பதினோரு புத்தகப் பையும் ஒன்றாய் முன்னே சரிந்தன.
யாருக்கும் அடியில்லை.
யாழிசை மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்,
சிரிக்கவில்லை.
அன்று மாலையே சாவியைக்
குணாளனிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் இரவுச் செய்தி முடிந்ததும்
கமலவேணி என் காலடியில் உட்காருகிறாள்,
கையில் பள்ளிக் கேண்டீன் வெங்காய வாசம்.
ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக்,
வழுக்கும், அது கள்ளாட்டம் என்று
பத்து வெள்ளித் தாளாகக் கேட்பேன்.
பிடித்தால் எனக்கு, உருவினால் அவளுக்கு.
மைலோ டின்னில் நூற்றுத் தொண்ணூறு சேர்த்துவிட்டாள்,
எல்லாம் என் காசு.
"இப்படியே போனா தீபாவளிக்கு ஒரு சங்கிலி" என்கிறாள்.

நேற்றும் அழுத்தினேன்.
பிடித்திருக்கிறேனா இல்லையா,
காலைக் கேட்டால் கால் சொல்லாது.
அவள் இழுத்தாள்.
புருவம் மெல்ல ஏறியது.
உதட்டைக் கடித்தாள்.
என் விரலில் என்ன நடக்கிறதென்று
அந்த முகத்தில்தான் நான் படிக்க வேண்டும்.
நடிக்கிறாளோ என்றும் ஒரு சந்தேகம்,
முப்பத்தோரு வருஷப் பழக்கம் அவளுக்கு.
"விடாதீங்க" என்றாள்.
தாளின் ஓரம்
நகத்தளவு கிழிந்தது.

விளக்கடியில் பிடித்து
இருவரும் மாறி மாறிப் பார்த்தோம்.
யாருக்கு இந்தத் தாள் என்று
இன்னும் முடிவாகவில்லை.