நான்காவது திரை

பிராங்கின் மாலில் வாங்கிய பழைய மடிக்கணினி.
யாரோ தட்டித் தட்டி எஸ் எழுத்து தேய்ந்திருந்தது.
நானூற்றைம்பது வெள்ளி, நான்கு ஜிபி நினைவு.
விண்டோஸ் தாங்காதுக்கா, லினக்ஸ் போட்டுக்குங்க
என்றான் கடைப் பையன்.

நான் இரவு, குணாளன் பகல்.
பாயான் லெப்பாசில் விடியவிடிய சிப்புகளைச் சோதித்துவிட்டு
ரெலாவில் நான் ஃபேக்டரி பஸ் இறங்கும்போது
அவன் மோட்டார் பாலத்தில் இருக்கும்,
பட்டர்வொர்த் துறைமுகம் நோக்கி.
ஒரே கட்டில்.
சூடு ஆறுமுன் ஆள் மாறும்.

முதலில் குனோம்.
அழகுதான்.
ஆனால் கண்டெய்னர் ஏற்றிய லோரி
பாலத்து மேட்டில் திணறுவதுபோல் மூச்சு வாங்கியது.
ஜன்னலைச் சின்னதாக்கும் பொத்தான் எங்கே
என்று ஐஸ் பெட்டியில் தாள் ஒட்டிப் போயிருந்தான்.
அவர்கள் வைக்கவில்லை, என்று எழுதினேன்.
மறுநாள் அதன்கீழ்: ஏன்?
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு கேடிஈ.
மூன்று நாள் நிழல்களை மாற்றினான்,
மூலைகளை வளைத்தான்,
பிடித்து இழுத்தால் ஜன்னல்கள்
கொய்தியாவ் போல் நெளியும்படி செய்துவைத்தான்.
இரவு வேலை முடித்த கண்ணுக்கு
என் சம்பளச் சீட்டு வழுக்கி வழுக்கி ஓடியது.
நிறுத்து, என்று தாள் ஒட்டினேன்.
ஒரு நாள் மட்டும், என்று அவன் ஒட்டினான்.

டெஸ்ட் லைனில் எனக்குப் பக்கத்து மெஷின் ஹஸ்லினா.
மேசையில் சிந்திய மைலோவில்
விரலால் கோடிழுத்துக் காட்டினாள் ஐ-த்ரீயை:
ஒன்று திறந்தால் முழுத் திரை அதற்கு,
இன்னொன்று வந்தால் பாதிக்குப் பாதி,
மூன்றாவது வந்தால் அந்தப் பாதியில் பங்கு.
எதுவும் எதன்மேலும் ஏறாது.
எதுவும் எதனடியிலும் ஒளியாது.

அன்று காலையே நிறுவினேன்.
கறுப்பு.
அடியில் ஒரு கோடு, அதில் நேரம்.
வா என்றுகூடச் சொல்லவில்லை.
எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஐஸ் பெட்டியில் மறுநாள்:
டிவி கெட்டுப்போச்சா?

உள்நுழையும் திரையின் மூலையில்
சின்னதாய் ஒரு பல்சக்கரம் இருக்கிறது.
ஆளுக்கு வேண்டியதை அதில் எடுத்துக்கொள்ளலாம்.
அவன் எலிச் சின்னம் போட்ட
எக்ஸ்எஃப்சிஈக்குப் போனான்.
ஒரே வட்டு, ஒரே விசைப்பலகை, இரண்டு குடித்தனம்.
இத்தனை எளிதாய் எங்கள் சண்டை எதுவும் தீர்ந்ததில்லை.
தாள்களும் நின்றுபோயின.
ஐஸ் பெட்டிக் கதவு வெள்ளையாய் இருந்ததை
சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

சீனப் பெருநாளை ஒட்டி இரட்டை ஷிஃப்ட்.
கண்ணெரிச்சலில் தவறி அவன் பெயரைத் தட்டிவிட்டேன்.
கடவுச்சொல் விரலுக்கே தெரிந்தது,
மோட்டார் நம்பர்.

திரை நிறையக் குப்பை.
வேலை அட்டவணை ஏழு பிரதி,
பெயரிடாத படங்கள்,
பல் டாக்டர் ரசீது ஒன்று.
எப்போது பிடுங்கினார்கள்?

கீழ்ப்பட்டையில் நான்கு திரைவெளிகள்,
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான்.
வேலை.
பில்.
பந்து.
நான்காவது, கோதை.

சொடுக்கினேன்.
ஒன்றுமில்லை, நீலம் மட்டும்.

எனக்கென்று ஒதுக்கி வைத்ததா,
இருந்ததை எடுத்துவிட்ட காலியா,
பெயர் வைத்துவிட்டு மறந்ததா,
எந்தச் சாளர மேலாளரும்
இதற்குக் கையேடு தருவதில்லை.

எழுதும் செயலியைத் திறந்தேன்.
நிறைய வந்தது.
கேஸ் தோங் காலியாகப் போகுது.
எந்தப் பல்?
இவ்வளவுதான் வைத்துக்கொண்டு
மீதியை அழித்தேன்.

என் பக்கமென்றால் அது தானே விரிந்து
இடம் முழுக்க அடைத்திருக்கும்.
இவனிடம் ஜன்னல்கள் மிதக்கின்றன,
ஒன்றின்மேல் ஒன்று சாய்கின்றன.
பிடித்து இழுத்து நடுவில் வைத்தேன்.
கொஞ்சம் கோணலாய்த்தான் நின்றது.
விட்டுவிட்டேன்.

படுத்த பிறகு ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்தேன்,
சார்ஜர் சொருகியிருக்கிறதா என்று.