பன்னிரண்டு வோல்ட்

யு.பி.எஸ். பேட்டரி இரண்டு,
சதுரமான பழைய இன்வெர்ட்டர் ஒன்று.
மூன்றையும் நீல மீன்பெட்டிக்குள் அடுக்கி
எக்ஸ்எல்லின் முன்னால் கட்டினான் ரீகன்.
அரசரடி சிக்னலில்
பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்:
"அயிரையா, கெளுத்தியா?"
"வெளிச்சம்ணே" என்றேன்.
பச்சை விழுந்தது.

ஒச்சப்பன் ஸ்டுடியோவுக்கு வர மறுத்துவிட்டார்.
பணி ஓய்வுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள்.
முப்பத்தோரு வருசம் கம்பம் ஏறின மனுசன்
துணியில வரைஞ்ச அருவிக்கு முன்னாடி
என்னன்னு நிப்பான் என்று
போனிலேயே கேட்டார்.
வடபழஞ்சி தாண்டி, நாகமலை அடிவாரத்தில்
அவர் குழிதோண்டி நட்ட கம்பம் ஒன்று இருக்கிறதாம்.
அதனடியில்தான் வேண்டுமாம்.

தலைக்கு மேலே பதினோராயிரம் வோல்ட்.
கீழே எங்களுக்குப்
பன்னிரண்டு.

வானத்தை இரண்டு ஸ்டாப் இருட்டாக்கி
முகத்துக்கு மட்டும் ஒளி கொடுப்பது என் கணக்கு.
மலை இறங்கி வந்த காற்றுக்கு வேறு கணக்கு.
வெள்ளைக் குடை பாயாகி விடைத்தது.
ஸ்டாண்டின் காலில் மீன்பெட்டியையே தொங்கவிட்டோம்.
எரிய வைப்பதும் அதுதான்,
சாயாமல் பிடிப்பதும் அதுதான்.

இன்வெர்ட்டர் வண்டுபோல் முரன்றது.
அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"அலை நயமா இல்லியே தாயி,
கட்டை கட்டையா வருது."

பளீர்.
விளக்கு மறுபடி நிரம்பி
'டிக்' என்னும்வரை காத்திருக்க வேண்டும்.
முதலில் நான்கு வினாடி.
வலது கை பேன்ட் பைக்குள்ளேயே இருந்தது.
"வெளிய எடுங்கண்ணே."
"கிடக்கட்டும்."
இருபதாவது படத்தில் ஏழு வினாடி.
முப்பதில் பதினொன்று.
காத்திருக்கும்போதெல்லாம் நல்ல முகம்.
'டிக்' கேட்டதும்
அரசாங்க ஊழியராகிவிடுகிறார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே.
"குடைக்குள்ள குண்டு பல்பை எரியவிட்டுட்டு
டீ குடிக்கப் போன புண்ணியவான் யாருய்யா?"
ரீகன் மலையைப் பார்த்தான்.
மாடலிங் லேம்ப்.
இருபத்தைந்து நிமிடம்
எங்கள் பாதி மாலையை அது
தனியாக நின்று குடித்திருக்கிறது.

பெட்டியருகே குந்தினார்.
இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.
வலது கை வெளியே வந்தது:
கட்டைவிரல், இரண்டு விரல்,
மீதி இடத்தில் வழவழவென்று தோல்.
"பன்னெண்டு வோல்ட்டுக்கா ஒரு கையைப் பின்னால கட்டுறீங்க?"
ரீகனுக்கு வாய் சும்மா இருக்காது.
"பழக்கம்டா. ஒண்ணைத்தான் கொடுக்கணும்.
ரெண்டையும் கொடுத்தா நெஞ்சு வழியாப் போயிரும்."

தளர்ந்திருந்த கிளிப் ஒன்றை அழுத்திவிட்டார்.
பதினொன்று, ஒன்பதானது.
அவ்வளவுதான் நடந்த ரிப்பேர்.

எழுந்து நின்று
உள்ளங்கையை வேட்டியில் துடைப்பதுபோல்
பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தபோது
கரடிப்பட்டியில் தெருவிளக்குகள் வந்தன.
ஒரே சமயத்தில் அல்ல.
கோவில் பக்கம் முதலில்,
அப்புறம் ரேஷன் கடை,
ஒன்று மட்டும் விட்டு விட்டுச் சிமிட்டி.
அந்த ஒன்றைத்தான் பார்த்தார்,
வாய் லேசாகத் திறந்திருக்க,
மூன்று விரலும் அதை நோக்கி அரைவாசி எழும்ப.

'டிக்.'

அழுத்தினேன்.
அதோடு இன்வெர்ட்டர் நீளமாக ஒருமுறை கத்தி ஓய்ந்தது.
ரீகன் கட்டை அவிழ்த்தான், பெட்டியைத் தூக்கினான்.
தீர்ந்துபோன பேட்டரி
வரும்போது இருந்த அதே கனம்.

"கண்ணு எங்கயோ பாக்குதே" என்று
அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டார்.
ஃப்ளெக்ஸில் நின்றவர்
பையில் கை விட்ட ஒன்பதாவது ஒச்சப்பன்,
சுற்றிலும் சங்கத் தலைவர்கள் பதினாலு பேர்.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.
படத்தைக் கேட்பார் என்று நினைத்தேன்.
"அந்த இன்வெர்ட்டரை மாத்திட்டியா தாயி?
சத்தம் இன்னும் காதுலயே கிடக்கு."